குவார்ட்டர்ஸ் கேட்டில் நின்ற மாப்பிள்ளை

எங்கள் பயிற்சி மையத்தில் முன்னேற்றம் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேனேஜர் எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்த வருஷம் நாம என்னென்ன முன்னேறியிருக்கோம்?" என்று கேட்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். தையல் மிஷின்களில் பாதி ரிப்பேர். வெல்டிங் ஷெட் மழைக்கு ஒழுகுகிறது. கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பெண்களில் பலர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். "அதெல்லாம் 'சவால்கள்'னு ஒரு பக்கத்துல போட்டுக்கலாம். முன்னேற்றத்தச் சொல்லுங்க" என்பார். அதன் பிறகு டீ வரும்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் ஒரு பழைய கட்டடத்தில் இருக்கிறது அந்த மையம். சுற்றுவட்டார ஊர்ப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, தொழில் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்த்துவிடுவதற்காக ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. அதன் முழுப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் வாசிப்பவருக்குப் பாதியில் மூச்சு வாங்கும்.

என் பதவிக்குச் சமூக ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால் ஆள் கூட்டி வருகிற வேலை. ஆண்டறிக்கையில் 'சமூகப் பங்கேற்பு' என்று ஒரு பகுதி உண்டு. அதில் சமூகம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற போட்டோ போட வேண்டும். அதற்காகக் கம்மாபுரம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய், வேனில் ஏற்றிச் சமூகத்தை அழைத்து வருவேன். சமூகம் சமோசா வரும்வரை உட்கார்ந்திருக்கும், வந்ததும் எழுந்துவிடும். ஆகவே போட்டோ எடுத்த பிறகுதான் சமோசா தட்டு வெளியே வர வேண்டும் என்பது நான் அனுபவத்தில் கற்றுக்கொண்ட ஒன்று.

இன்னொரு சடங்கும் உண்டு. வருடா வருடம் சிறப்பு விருந்தினர் வந்து வாசலில் ஒரு மரக்கன்று நடுவார். சமூகம் சுற்றி நின்று கைதட்டும். அடுத்த வாரமே ஆடு வந்து அதைத் தின்றுவிட்டுப் போகும். மறு வருடம் அதே குழியில் இன்னொரு கன்று. வேலி போடலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "கன்றுக்கு ஃபண்ட் இருக்கு மேடம், வேலிக்கு பட்ஜெட்ல ஹெட் இல்ல" என்றார் மேனேஜர். வருடா வருடம் தோண்டித் தோண்டி அந்தக் குழி நல்ல ஆழமாகிவிட்டது.

ஊருக்கெல்லாம் வேலை வாங்கிக்கொடுக்கிற அந்த அலுவலகத்தில் எங்கள் எல்லோருக்கும் பதினோரு மாத ஒப்பந்தம். ஆண்டு விழா முடிந்த பிறகுதான் புதுப்பிப்பார்கள். விழா நாளில் எங்கள் முகத்தில் தெரிகிற ஆர்வத்தை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அந்த வருடம் மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. எங்களிடம் படித்து வேலைக்குப் போன ஒருவரைப் பெரிதாகப் படம் பிடித்து, ஃப்ளெக்ஸ் அடித்து, பஸ் ஸ்டாப்பிலும் டவுன்ஷிப் வளைவுக்குப் பக்கத்திலும் வைப்பது. தேடிப் பார்த்ததில் கம்மாபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் கிடைத்தான். பையன் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஆண்பிள்ளை. குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குள் போய்விட்டது. அப்பா இல்லை, அம்மா மட்டும். எங்கள் மையத்தில் வெல்டிங் கற்றுக்கொண்டு, சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்திருந்தான். கேட் பாஸ் இருக்கிறவரை வேலை. பாஸ் முடிந்தால் வீட்டில் உட்கார்ந்திருப்பான், மறுபடி பாஸ் போட்டால் மறுபடி போவான். அவனுடைய வெல்டிங் மட்டும் கோடு போட்டாற்போல இருக்கும் என்று எங்கள் பயிற்சியாளர் பெருமையாகச் சொல்வார்.

போட்டோ எடுக்க வந்தவர் எங்கள் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தச் சுவரிலும் சுண்ணாம்பு நிற்கவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு குவார்ட்டர்ஸ். நீலப் பெயின்ட் அடித்த கேட், தூணில் வீட்டு எண், மேலே வளைவாகக் காகிதப்பூ. "லைட்டு இங்கதான் பிரமாதமா இருக்கு" என்று அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். கக்கத்தில் ஹெல்மெட்டை இடுக்கிக்கொள்ளச் சொன்னார். ஒரு கையைக் கேட்டின் தாழ்ப்பாளில் வைக்கச் சொன்னார். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறவனுடைய முகம் அப்படியே அமைந்துவிட்டது. கீழே 'கனவு நனவானது' என்று மேனேஜர் எழுதவைத்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்கள் பக்கத்தில் குவார்ட்டர்ஸ் கேட் என்பது வெறும் கேட் இல்லை. பெர்மனென்ட் ஆனவனுக்குத்தான் குவார்ட்டர்ஸ். கான்ட்ராக்ட் ஆள் அந்தக் கேட்டை வெல்டிங் வைத்துக்கொடுக்கலாம், திறந்துகொண்டு உள்ளே போய் லுங்கி மாற்ற முடியாது. பெண் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது பெர்மனென்ட்டா என்று. இரண்டாவது, எந்த பிளாக் என்று. பையன் குடிப்பானா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். நான் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். படத்தைப் பார்த்ததுமே மேனேஜரிடம் சொன்னேன். "பின்னாடி இருக்கறது வெறும் பேக்ரவுண்டுதானே மேடம்?" என்றார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம், வந்து அதிக காலம் ஆகவில்லை.

ஃப்ளெக்ஸ் வைத்த வாரமே அவன் ஊரில் செய்தி பரவிவிட்டது. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டதாம், அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தானாம். அதுவரை எட்டிப் பார்க்காத தரகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில் ஓர் இடம் அமைந்தது. பெண்ணின் அப்பா கொஞ்சம் முந்திரித் தோப்பு வைத்திருந்தார். வெளியிலும் கொட்டை வாங்கி, காயவைத்து, உடைத்துக் கொடுக்கிற குடும்பம். பெண் பார்த்துவிட்டு வந்தார்கள், பிடித்துப்போனது. நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண் வீட்டார் இதற்கு நடுவே டவுன்ஷிப்புக்கு வந்து அந்த நீலக் கேட் வீட்டைச் சத்தமில்லாமல் பார்த்துவிட்டும் போனார்கள். நிச்சயத்துக்கு முன்னால் உள்ளே போவது முறையில்லை என்று வெளியிலேயே நின்று பார்த்தார்களாம். பீரோ இந்தக் கேட்டில் நுழையுமா, கழற்றித்தான் கொண்டுபோக வேண்டுமா என்று தாய்மாமன் கையை விரித்து அளந்திருக்கிறார். உள்ளேயிருந்து அந்த வீட்டம்மா வந்து என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, பூ நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்போல என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் அவன் மையத்துக்கு வந்தான். வெல்டிங் ஷெட் ஓரத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"மேடம், அந்தப் படத்த எறக்கிடுங்க. பொண்ணு வூட்ல என்னப் பெர்மனென்ட்டுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க."

"நீ சொல்லலையா?"

"சொல்லாம இருப்பனா? தரகருகிட்ட சொன்னேன். 'பையன் ரொம்ப அடக்கமான பையன்'னு அங்க போயி சொல்லிட்டாரு. அந்தப் பொண்ணோட அப்பாகிட்டயே போன்ல சொன்னேன் மேடம். சிரிக்கிறாரு. 'கண்ணு படும்னு சொல்றீங்க, எனக்குத் தெரியாதா மாப்ள'ன்றாரு."

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துப் பெர்மனென்ட் ஆட்களிடம் போய் ஜாமீன் கையெழுத்து கேட்டுப் பாருங்கள். "நானே கான்ட்ராக்ட்டு மாதிரிதாங்க ஓட்டிக்கினு இருக்கேன்" என்று கண்ணைக் கசக்குவார்கள். அந்த மனிதர் இதைப்போல எத்தனையோ பேச்சைக் கேட்டிருப்பார். நிஜமான கான்ட்ராக்ட் ஆள் வாயைத் திறந்தாலும் அதே வசனம்தான் வருகிறது.

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"தாலி கட்டற வரைக்கும் வாய மூடிக்கினு இருன்றாங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு பொட்டிய எடுத்துக்கினு வந்து நிக்கும். எந்தக் கேட்ட மேடம் தொறக்கும்?"

அவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் பெண் போய்விடும், சொல்லாவிட்டால் அவளை ஏமாற்றிக் கட்டியவன் ஆவான். இரண்டுக்கும் நடுவில் அவனைக் கொண்டுபோய் நிறுத்திய ஃப்ளெக்ஸ் பஸ் ஸ்டாப்பில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நேரே மேனேஜர் அறைக்குப் போனேன்.

முழுவதும் கேட்டுவிட்டு மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கோபம் என்று நினைத்தேன், சந்தோஷம்.

"இதுதான் மேடம் தாக்கம்! நம்ம பயிற்சியால ஒரு குடும்பமே உருவாகுது. இதைவிட சமூகப் பங்கேற்பு என்ன வேணும்? அந்தப் பொண்ணோட அப்பாவ மேடைக்குக் கூப்பிடுங்க. ரெண்டு வார்த்த பேசட்டும்."

"சார், அவர் நம்ம பையனப் பெர்மனென்ட்னு நினைச்சிட்டிருக்கார்."

"நாம எங்கயாவது பெர்மனென்ட்னு எழுதியிருக்கோமா? இல்லையே. மேடையிலயும் அந்த வார்த்தையே வேண்டாம். 'நிலையான வாழ்வாதாரம்'னு எழுதிக் குடுங்க, பையன் படிச்சிடுவான்." பிறகு குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாக, "உங்க ரினியூவல் ஃபைல் வந்திருக்கு மேடம். விழா முடிஞ்சதும் பார்த்துடலாம்" என்றார்.

எழுதிக்கொடுத்தேன். நிலையான வாழ்வாதாரம், தன்னம்பிக்கை, நன்றி, வணக்கம். அவன் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

விழா நாளும் வந்தது. சாமியானா போட்டாயிற்று. நான் வேனில் கொண்டுவந்து இறக்கிய சமூகம் மின்விசிறிக்கு நேராக இருந்த நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டது. மேடைக்குப் பின்னால் கட்டுவதற்காகப் பஸ் ஸ்டாப் ஃப்ளெக்ஸைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். நீலக் கேட்டும் காகிதப்பூவும் மேடை அகலத்துக்கு விரிந்து நின்றன.

பெண்ணின் அப்பா பண்ருட்டியிலிருந்து பஸ் பிடித்து, மனைவியோடும் மகளோடும் வந்து இறங்கினார். கஞ்சி போட்ட வேட்டி. முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்கள். அவரை முன்வரிசையில் உட்காரவைத்தேன். மகள் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அந்த ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள்.

"க்கா, அந்த வூட்ல தண்ணி எத்தினி மணிக்கு வரும்?"

நான், சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாரா பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அவர் இன்னும் கிளம்பவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு வழியாக அவரும் வந்தார். அதே குழியில் கன்று நட்டார். வழக்கமான ஆடு, காம்பவுண்டு ஓரத்தில் படுத்து அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் ஆண்டறிக்கை வாசித்தார். சென்ற வருடத்தைவிட இந்த வருடம் எல்லாமே கூடியிருந்தது. எது எங்கே கூடியது என்று அங்கேயே வேலை செய்கிற எனக்குத்தான் தெரியவில்லை.

பிறகு, "சமூகத்தின் சார்பில்" என்று சொல்லிப் பெண்ணின் அப்பாவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார். மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் ஒலிபெருக்கி வீறிட்டது.

"எனக்குப் பேசிப் பழக்கமில்லீங்க. எங்க பக்கத்துல எவ்ளோ படிச்ச புள்ளைங்கள்லாம் சும்மா சுத்திக்கினு இருக்குதுங்க. நீங்க என் மருமவனப் பெர்மனென்ட் ஆக்கி, குவார்ட்டர்ஸும் வாங்கிக் குடுத்திருக்கீங்க. என் பொண்ணு வெயில்ல கொட்ட ஒடச்ச கையி. இனிமே நெழல்ல இருக்கும். உங்க காலத் தொட்டுக் கும்புடணும்."

கைதட்டல் எழுந்தது. மேனேஜர்தான் முதலில் தட்டினார். எனக்கு அழுகை வந்தது, கொஞ்சம் அந்த மனிதருக்காக, நிறைய கோபத்தில்.

அடுத்து அவன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான், தாளை எடுக்கவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். மேடம் நல்லா எழுதிக் குடுத்தாங்க, அத நான் படிக்கல. நான் நல்லா வெல்டிங் பண்ணுவேன். அத இங்கதான் கத்துக்கினேன், அது உண்ம. ஆனா நான் கான்ட்ராக்ட்டு. கேட் பாஸ் இருக்கற வரைக்கும்தான் வேல. இந்தப் படத்துல இருக்கற வூடு யாரு வூடோ எனக்குத் தெரியாது. கேட்டுல கைய வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். எங்க வூடு ஊர்லதான் இருக்குது, தகர ஷீட்டு போட்ட வூடு. மாமா, நான் உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன். இப்ப எல்லார் எதிர்லயும் சொல்றேன், இப்பவாவது நம்புங்க."

யாரும் தட்டவில்லை. மேனேஜர் பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார். "இந்த அடக்கம்! இந்த நேர்மை! இதுதான் எங்கள் மென்திறன் பயிற்சியின் வெற்றி!" என்றார். உடனே பலமாகக் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் நெகிழ்ந்துபோய் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த நேரம் பார்த்துச் சமோசா தட்டு வந்துவிட்டது. சமூகம் எழுந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் பெண்ணின் அப்பா போகவில்லை. மேடை ஓரத்தில் ஃப்ளெக்ஸைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பொன்னாடையோடு பக்கத்தில் வந்து நின்றவனிடம், "ஏன் தம்பி, சபையில வெச்சி சொல்ற வரைக்கும் வுட்டுட்டியே" என்றார். 'மாப்ள'வும் போய்விட்டது, 'ங்க'வும் போய்விட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். பெண்ணின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீங்களாவது பெர்மனென்ட்டுதான?"

"இல்லீங்க. பதினோரு மாசக் கான்ட்ராக்ட்."

"அந்த மைக்கப் புடுங்கனாரே, அந்த சாரு?"

"அவருக்கும் பதினோரு மாசம்தான்."

அவர் மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தார். நீலக் கேட்டைக் காட்டி, "இந்த வூட்டுக்காரரு?" என்றார்.

"அவர் பெர்மனென்ட். ரிடையர் ஆகிற வரைக்கும். அன்னிக்குச் சாவியக் குடுத்துட்டு வெளிய வந்துடணும். எங்க அப்பாவும் அப்படித்தான் குடுத்துட்டு வந்தாரு. இப்ப நாங்க வடலூர்ல வாடகைக்கு இருக்கோம்."

அவருடைய மகள் மேடையில் ஏறி, ஃப்ளெக்ஸின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். பிறகு கீழே இருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ப்பா, நல்ல கெட்டியா இருக்குது. கொட்ட காயவெக்க ஆவும்."

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் குனிந்து, ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார், இன்னொரு முடிச்சைப் பிடித்தார்.

தூரத்தில் சிறப்பு விருந்தினரை வழியனுப்பிக்கொண்டிருந்த மேனேஜர் இதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "ஐயா, அதை எடுக்காதீங்க! அடுத்த வருஷத்துக்கு வேணும். வருஷத்த மட்டும் மேல ஒட்டி மாத்திக்குவோம்."

"அடுத்த வருசம் இவரு அந்தக் கேட்டாண்ட நிக்கமாட்டாரு சார்" என்றார் பெண்ணின் அப்பா. கடைசிக் கயிறும் அவிழ்ந்து, நீலக் கேட்டும் காகிதப்பூவும் மேடையில் சரிந்து விழுந்தன. பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழேயே நின்றிருந்தவனைப் பார்த்து அவர் கையை ஆட்டினார்.

"என்னா பாத்துக்கினு இருக்கீங்க? வந்து அந்தப் பக்கத்தப் புடிங்க மாப்ள, மடிக்கணும்."